படுக்கையில் தவிக்கும் உடலும் அதன் உரிமையும்

 

  

இன்று நான் பேசப்போகும் பொருளைக் கேட்டதும் உங்களில் சிலர் வியப்படையக்கூடும். இரவில் படுத்தவுடன் கால் துடிக்கிறது, உடல் அரிக்கிறது, உறக்கம் வர மறுக்கிறது என்பதெல்லாம் மருத்துவமனையில் பேச வேண்டியவை அல்லவா, மிம்பருக்கு அருகில் நின்று பேச இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் இஷாத் தொழுகை முடிந்து இமாமின் அறைக்கு வருகிறவர்களில் மிகப் பலர் இந்த முறையீட்டோடுதான் வருகிறார்கள். “ஹள்ரத், படுத்தால் கால் உளைகிறது, ஓதிப் பாருங்கள்” என்பார் ஒருவர். “என் மகளுக்கு இரவெல்லாம் நமைச்சல், யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் போலிருக்கிறது” என்பார் மற்றொருவர். மக்கள் எங்கே முதலில் வருகிறார்களோ அங்கே சரியான பதில் கிடைக்க வேண்டும். அந்தப் பதிலை நான் ஒரு காலத்தில் சரியாகச் சொல்லவில்லை. அதை முதலில் உங்கள் முன் ஒப்புக்கொண்டு இந்த உரையைத் தொடங்குகிறேன்.

மத்ரஸாவில் பட்டம் பெற்று இமாமத் பணியில் சேர்ந்த புதிது. இவ்வூருக்கு வருவதற்கு முன்பு வேறொரு மஹல்லாவில் இருந்தேன். அங்கே முதல் ஸஃப்பை ஒருபோதும் தவறவிடாத ஒரு பெரியவர் இருந்தார். ஒருநாள் அவர் என்னிடம் வந்து, இரவில் படுத்தால் உடல் முழுவதும் ஊறல் எடுக்கிறது, கால்களை யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பது போலிருக்கிறது, எழுந்து நடந்தால்தான் அடங்குகிறது என்றார். தோலில் கொப்புளமோ தடிப்போ எதுவும் இல்லை. நான் தண்ணீரில் ஓதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து மீண்டும் வந்தார். பொறுமையின் சிறப்பைப் பற்றிச் சொல்லி அனுப்பினேன். அடுத்த சில மாதங்களில் அவருக்கு முகமும் கால்களும் வீங்கின. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது இரு சிறுநீரகங்களும் பெருமளவு செயலிழந்துவிட்டதாகச் சொன்னார்கள். அதன்பின் வாரம் இருமுறை டயாலிசிஸ்.

நலம் விசாரிக்கச் சென்றேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “ஹள்ரத், நீங்கள் ஓதித் தந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கே டாக்டரையும் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என் பிள்ளைகள் சொல்லிக் கேட்காத நான் உங்கள் வார்த்தைக்காகப் போயிருப்பேன்” என்றார். மூன்றாண்டுகளுக்குப் பின் அவர் வஃபாத்தானார். அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக. முன்பே அறிந்திருந்தால் நோய் முற்றிலும் நீங்கியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்து, சிறுநீரகம் பழுதாகும் வேகத்தைக் குறைத்திருக்க வாய்ப்பு உண்டு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த வாய்ப்பு என் அறையில் சில மாதங்கள் தேங்கிக் கிடந்தது.

பெரியோர்களே! அரிப்பு என்பதை நம் மார்க்கம் எவ்வளவு கவனத்தோடு பார்த்திருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். ஆண்களுக்குப் பட்டு ஆடை ஹராம் என்பது இங்குள்ள சிறுவருக்கும் தெரியும். அத்தகைய பட்டை அணிந்துகொள்ள அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் பின் அவ்வாம் (ரலி) ஆகிய இருவருக்கும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்தார்கள். காரணம் என்ன? அவ்விருவருக்கும் இருந்த தோல் அரிப்பு. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றிருக்கிறது. இவ்விருவரும் சுவனத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் உள்ளவர்கள்; பொறுமைக்குக் குறைவில்லாதவர்கள். “சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று அவர்களிடம் சொல்லியிருக்கலாம். அவ்வாறு சொல்லப்படவில்லை. ஒரு தடையே அவர்களுக்காகத் தளர்த்தப்பட்டது.

ஹுதைபிய்யா ஆண்டில் இஹ்ராமுடன் இருந்த கஅப் பின் உஜ்ரா (ரலி) அவர்களின் தலையிலிருந்து பேன்கள் முகத்தில் உதிர்ந்துகொண்டிருந்ததைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டார்கள். இஹ்ராமில் முடி களைவது கூடாது. எனினும் அவர் தலையை மழித்துக்கொள்ளவும், அதற்குப் பகரமாக மூன்று நாள் நோன்பு, அல்லது ஆறு ஏழைகளுக்கு உணவு, அல்லது ஓர் ஆட்டைக் குர்பானி கொடுத்தல் ஆகிய மூன்றில் ஒன்றைச் செய்யவும் வழிகாட்டப்பட்டது. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 196ஆம் வசனத்தில் இச்சட்டம் இருக்கிறது. ஒரு மனிதரின் தலை அரிப்பு வேத வசனம் இறங்கக் காரணமாயிற்று என்றால், நம் வீட்டுப் பிள்ளை இரவெல்லாம் சொறிவதை நாம் அலட்சியமாகப் பார்க்க முடியுமா?

நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களிலும் இந்தக் கரிசனம் தெரிகிறது. தொழுகையில் தொடர்ச்சியாக மூன்று அசைவுகள் செய்தால் தொழுகை முறியும் என்று சொல்லும் அதே இடத்தில், சிரங்கு உடையவர் தாங்க முடியாத நமைச்சலால் சொறிந்தால் முறியாது என்று விலக்கும் அளிக்கப்பட்டிருக்கிறது. சொறிந்து இரத்தம் வந்துவிட்டால் உளூ என்னவாகும் என்று அடிக்கடி கேட்கிறீர்கள். ஷாஃபிஈ மத்ஹபில் அதனால் உளூ முறியாது. ஹனஃபி மத்ஹபில் இரத்தம் வெளிப்பட்ட இடத்தைத் தாண்டி வழிந்தால் முறியும். அவரவர் மத்ஹபின்படி நடந்துகொள்ளுங்கள். இதைப் பற்றியே நினைத்து நினைத்து வஸ்வாஸுக்கு ஆளாக வேண்டாம்.

இனி, கால் துடிப்பைப் பற்றிப் பேசுவோம். உறங்கத் தொடங்கும் வேளையில் பள்ளத்தில் விழுவது போலத் தோன்றி உடல் திடுக்கெனத் தூக்கிவாரிப் போடுகிறதே, அதைப் பற்றி நீண்ட பேச்சுத் தேவையில்லை. அது பெரும்பாலான மனிதர்களுக்கு எப்போதாவது ஏற்படுவதுதான். கடும் களைப்பு, கவலை, மாலைக்குப் பின் குடிக்கும் காப்பி ஆகியவை அதைக் கூட்டும். அதனால் தீங்கு இல்லை. ஜின் அமுக்குகிறது என்று எவராவது சொன்னால் பணம் கொடுத்துவிடாதீர்கள்! வலக் கண் துடித்தால் நன்மை, இடக் கண் துடித்தால் தீமை என்று சகுனம் பார்ப்பதும் நமக்குரியதன்று.

ஆனால் கால் உளைச்சல் வேறு. அதை மருத்துவர்கள் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ், அதாவது அமைதியற்ற கால்கள் என்று அழைக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர், இரவில் கால் துடிப்பால் உறங்க முடியாமல் சித்திரவதை அனுபவித்தவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். 1945ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் எக்போம் என்பவர் இதை விரிவாக ஆய்ந்து இப்பெயரைச் சூட்டினார். இதன் அடையாளம் நான்கு. காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற அடக்க முடியாத உந்துதல். அத்துடன் உள்ளே எறும்பு ஊர்வது போலவோ, குடைவது போலவோ ஓர் உணர்வு. ஓய்வாக அமர்ந்தாலோ படுத்தாலோ அது தொடங்கும். எழுந்து நடந்தால் அடங்கும். மாலையிலும் இரவிலும் அதிகமாகி, விடியற்காலையில் குறைந்துவிடும். இந்நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு உறக்கத்திலும் கால்கள் சில விநாடிகளுக்கு ஒருமுறை உதறிக்கொண்டே இருக்கும். அவருக்கே அது தெரியாது. அருகில் உறங்குபவருக்குத்தான் தெரியும்.

இந்த அடையாளங்களைக் கேட்கும்போதே ஒன்று உங்களுக்குப் புலப்பட வேண்டும். கால் உளைச்சலால் எழுந்தவர் உளூச் செய்து தொழ நிற்கிறார். ருகூஉ, ஸுஜூது என்று உடல் அசைகிறது. உளைச்சல் நின்றுவிடுகிறது. மீண்டும் படுக்கிறார், மீண்டும் தொடங்குகிறது. உடனே அவர் என்ன முடிவுக்கு வருகிறார்? “தொழுதால் ஓடுகிறது, படுத்தால் வருகிறது, ஆகவே இது ஷைத்தானின் வேலை” என்று முடிவு செய்துவிடுகிறார். பிறகு தாயத்து, தகடு, நூல் என்று ஆயிரக்கணக்கில் செலவு. அவர் கண்டது உண்மைதான். அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. அசைவு இந்நோயைத் தணிக்கும் என்பது அதன் இயல்பு. அந்த நேரத்தில் அவர் கடைத்தெரு வரை நடந்திருந்தாலும் உளைச்சல் நின்றிருக்கும். தஹஜ்ஜுதின் சிறப்பு வேறு. அதைக் கால் நோய்க்கு மருந்தாகக் குறுக்கிவிட வேண்டாம்.

இந்நோய் ஏன் வருகிறது? சிலருக்குத் தாய் தந்தையிடமிருந்து வருகிறது. மூளைக்குப் போதிய இரும்புச்சத்துக் கிடைக்காதது முக்கியமான காரணம் என்று இன்று அறியப்பட்டிருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உடையவர்களுக்கு இது அதிகம். கருவுற்ற பெண்களுக்கு, குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில் வந்து, பெரும்பாலும் பிரசவத்திற்குப் பின் நீங்கிவிடும். ஆகவே நம் வீட்டுப் பெண்கள் “கால் குடைகிறது” என்று சொன்னால், “நாள் முழுவதும் நின்ற களைப்பு” என்று தள்ளிவிடாதீர்கள். மாதவிடாயிலும் மகப்பேற்றிலும் இரும்புச்சத்தை இழப்பவர்கள் அவர்களே. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதை உண்பவர்களும் பல வீடுகளில் அவர்களே. இறைச்சி வீட்டுக்கு வருகிறது. ஈரல் யார் தட்டில் விழுகிறது என்று இன்றிரவு கவனித்துப் பாருங்கள்.

இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு சரியாக இருந்தாலும் உடலின் இரும்புச் சேமிப்புக் குறைந்திருக்கலாம். அதை அறிய ஃபெரிட்டின் என்றொரு பரிசோதனை இருக்கிறது. இந்நோய் உள்ளவர்களுக்கு அந்த அளவு 75 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து கொடுத்துப் பார்ப்பது இன்றைய மருத்துவ வழக்கம். பரிசோதனை செய்யாமல் கடையில் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். இரும்பு மிகுந்தாலும் கேடுதான். ஆண்களுக்கு இரும்புச்சத்துக் குறைந்தால் குடலில் எங்கேனும் இரத்தம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும்.

தேநீரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் தெருக்களில் இஷாவுக்குப் பின் தேநீர்க் கடையில் அமர்வது ஏறத்தாழ ஒரு வழிபாட்டைப் போலவே ஆகிவிட்டது. நானும் அதற்கு விலக்கல்லன். தேநீர் இரண்டு வகையில் இந்த நோயாளிக்குப் பாதகம் செய்கிறது. உணவோடும் இரும்பு மாத்திரையோடும் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர விடாமல் தடுக்கிறது. இரவில் குடித்தால் அதிலுள்ள காஃபீன் உறக்கத்தைக் கெடுக்கிறது. குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் ஏறத்தாழப் பாதி உடலில் எஞ்சியிருக்கும். உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமேனும் இடைவெளி விடுங்கள். கீரை, பருப்பு உண்ணும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள். அஸருக்குப் பின் தேநீரைக் குறைத்துப் பாருங்கள்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அரிப்புக்கும் சளிக்கும் மருந்துக் கடைகளில் கொடுக்கப்படும் பழைய வகை உறக்கமூட்டும் அலர்ஜி மாத்திரைகள் கால் உளைச்சலை அதிகப்படுத்தும். வாந்திக்குத் தரப்படும் சில மருந்துகளும், மனச்சோர்வுக்கான பல மருந்துகளும் அவ்வாறே. அரிப்பும் உளைச்சலும் ஒருங்கே உள்ளவர் “இதைப் போட்டால் தூக்கம் வரும்” என்று அதை விழுங்குகிறார். அரிப்புச் சற்றுத் தணிகிறது; கால் கூடுதலாக உதைக்கிறது; அவர் மாத்திரையை இரண்டாக்குகிறார். இத்தகையவர் மருத்துவரிடம் தாம் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் காட்ட வேண்டும். ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்த மனநல மருந்தை, நான் பயானில் சொன்னேன் என்று எவரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம். அதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

உளைச்சலுக்கென்று பல ஆண்டுகளாகக் கொடுக்கப்பட்டுவந்த சில மாத்திரைகள், தொடக்கத்தில் அற்புதமாகக் கேட்டாலும், நாட்பட நோயை மாலையிலிருந்து பகலுக்கும், காலிலிருந்து கைக்கும் பரப்பிவிடுவதாகக் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆகவே இன்று மருத்துவர்கள் முதலில் இரும்புச்சத்தைக் கவனித்து, பிறகே வேறு வகை மருந்துகளுக்குச் செல்கிறார்கள். பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை மீண்டும் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

சகோதரர்களே! இப்போது அரிப்புக்கு வருவோம். இரவில் அரிப்புக் கூடுவதற்கு உடலமைப்பிலேயே காரணம் வைக்கப்பட்டிருக்கிறது. உடலில் அழற்சியை அடக்கும் கார்ட்டிசால் என்னும் சுரப்பு இரவில் குறைகிறது. தோலின் வெப்பம் ஏறுகிறது. தோல் வழியே ஈரம் அதிகமாக வெளியேறுகிறது. பகலில் வேலையில் ஆழ்ந்திருந்த மனத்துக்கு இரவில் கவனிக்க வேறொன்றும் இல்லை. வயதானவர்களுக்குப் பெரும்பாலும் தோல் வறட்சியே காரணம். கொதிக்கும் வெந்நீரை விட்டு இளஞ்சூட்டு நீரில் குளித்து, சோப்பைக் குறைத்து, தோல் ஈரமாக இருக்கும்போதே தேங்காய் எண்ணெயோ அதற்குரிய களிம்போ தடவினால் அவர்களில் பலருக்குப் போதும்.

ஆனால் இரவில் மட்டும் வெறிகொண்டது போல் அரித்து, விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, தொப்புள் சுற்றிய பகுதி ஆகியவற்றில் சிறு கொப்புளங்கள் தோன்றி, வீட்டில் ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் சொறியத் தொடங்கினால் அது சிரங்கு. தோலைக் குடைந்து உள்ளே முட்டையிடும், கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குச் சிறிய ஓர் உயிரியால் வருவது அது. 1162ஆம் ஆண்டில் மறைந்த அந்தலூஸ் மருத்துவ மேதை இப்னு ஸுஹ்ர் அந்த உயிரியைப் பற்றி அன்றே தமது நூலில் குறிப்பிட்டிருக்கிறார் என்பது நமக்குப் பெருமைதான். ஆனால் அவர் பெயரைப் பெருமையோடு சொல்லும் நாம், நம் விடுதிகளில் என்ன செய்தோம்?

நான் ஓதிய காலத்தில் ஒரே அறையில் இருபது மாணவர்கள் பாய் விரித்துப் படுப்போம். சிரங்கு வராத ஆண்டே கிடையாது. ஒருவனுக்கு வந்தால் அவனுக்கு மட்டும் மருந்து தடவுவார்கள். இரண்டு வாரத்தில் அடுத்த பாயில் இருப்பவனிடமிருந்து அவனுக்கே திரும்ப வரும். அவனை அசுத்தக்காரன் என்று எல்லோரும் ஏசுவோம். அவன் தனியே ஒரு மூலையில் படுத்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். நானும் ஏசியவர்களில் ஒருவன். பிறகு அறிந்துகொண்டேன்: நாள்தோறும் ஐந்து வேளை உளூச் செய்பவனுக்கும், இருமுறை குளிப்பவனுக்கும் இது வரும். நெருங்கிப் படுப்பதும் நெடுநேரம் தோலோடு தோல் உராய்வதுமே இது பரவும் வழி. முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகலாம். ஆகவே அரிக்காதவரும் அதைச் சுமந்துகொண்டிருக்கக்கூடும். 2017ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்டது என்ற சொல் எவ்வளவு பொருத்தம்!

இதற்கான வழி கடினமானதன்று. மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொண்ட பின், பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பை வீட்டிலுள்ள அனைவரும், அரிப்பு உள்ளவரும் இல்லாதவரும், ஒரே இரவில் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஓரிடமும் விடாமல் பூசிக்கொள்ள வேண்டும். கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர் சொல்லும் முறைப்படியே பூச வேண்டும். 8 முதல் 14 மணி நேரம் அது உடலில் இருக்க வேண்டும். உளூவுக்கு என்ன செய்வது என்று சிலர் தயங்குகிறார்கள். இஷாத் தொழுதுவிட்டு உடனே பூசிக்கொள்ளுங்கள்; ஸுப்ஹுக்கு எழுந்து குளித்துவிடுங்கள். எட்டு மணி நேரம் நிறைந்துவிடும். இடையில் கை கழுவ நேர்ந்தால் கையில் மட்டும் மீண்டும் பூசுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒருமுறை. அன்றைய உடைகள், போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். துவைக்க இயலாதவற்றைப் பையில் கட்டிச் சில நாள் ஒதுக்கி வையுங்கள். உயிரி செத்த பின்னும் இரண்டு முதல் நான்கு வாரம் வரை அரிப்பு நீடிக்கலாம். மருந்து பலிக்கவில்லை என்று தினமும் பூசிவிடாதீர்கள்.

மருந்துக் கடையில் “அரிப்புக்கு ஒரு ட்யூப்” என்று கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பை அடக்கும். உள்ளே படர்தாமரையை ஊட்டி வளர்க்கும். தோலையும் மெலியச் செய்யும்.

தோலில் ஒன்றுமே தெரியாமல் வாரக்கணக்கில் உடல் முழுவதும் அரித்தால், அதுதான் நான் அந்தப் பெரியவரிடம் கவனிக்கத் தவறியது. சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரத்தம் ஆகியவற்றின் கோளாறுகள் அவ்வாறு தோன்றக்கூடும். சாதாரணமான சில பரிசோதனைகளிலேயே அவற்றில் பெரும்பாலானவை தெரிந்துவிடும். கர்ப்பிணிக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இரவில் கடும் அரிப்பு எடுத்தால் ஒருநாளும் தாமதிக்காதீர்கள். கல்லீரலில் பித்தம் தேங்குவதன் அடையாளமாக அது இருக்கலாம். வயிற்றிலுள்ள குழந்தைக்கு ஆபத்தாகவும் முடியலாம்.

பெரியோர்களே! வைத்தியம் செய்துகொள்வது தவக்குலுக்கு எதிரானது என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கிராமத்து அரபிகள் சிலர் வந்து, நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் செய்துகொள்ளுமாறு சொன்னார்கள். முதுமை ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்து உண்டு என்பதையும் அறிவித்தார்கள். உஸாமா பின் ஷரீக் (ரலி) அவர்களின் அறிவிப்பு அது. அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இருக்கிறது. இரவெல்லாம் நின்று தொழுது, நாள்தோறும் நோன்பு நோற்ற அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் கண்ணுக்கும் அவர்மீது உரிமை உண்டு என்று நினைவூட்டப்பட்டது. முதுமையில் அவர்களே, அன்று கிடைத்த சலுகையை ஏற்றிருக்கலாமே என்று ஏங்கினார்கள். கண்ணுக்கு உரிமை உண்டு என்றால், அந்த உரிமையைப் பறிக்கும் நோயைத் தேடிக் கண்டுபிடிப்பதும் அதில் அடங்கும்.

படுக்கைக்கான ஒழுக்கங்களை நீங்கள் அறிவீர்கள். உளூச் செய்துகொண்டு வலப்புறமாகப் படுப்பது, படுக்கும் முன் விரிப்பை ஆடையின் ஓரத்தால் தட்டிவிடுவது, இக்லாஸ், ஃபலக், நாஸ் ஓதிக் கைகளில் ஊதி உடலில் தடவிக்கொள்வது, விளக்கை அணைப்பது. இவை ஒவ்வொன்றையும் இன்றைய ஆராய்ச்சி நிரூபித்துவிட்டது என்று மேடைகளில் சிலர் முழங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நபிவழி என்பதற்காகச் செய்கிறோம்; அதற்கு எவருடைய சான்றிதழும் வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்று அபூபர்ஸா (ரலி) அறிவிக்கிறார்கள். இன்று இஷாவுக்குப் பின்தான் கைப்பேசி விழித்துக்கொள்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசவில்லை என்பது உண்மைதான். முன்பின் அறியாத ஆயிரம் பேருடன் பேசிக்கொண்டிருக்கிறோம்!

காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் உறக்கமின்மையை முறையிட்டபோது ஒரு துஆ கற்றுக்கொடுக்கப்பட்டதாக ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடர் வலுவானதன்று என்று அதைப் பதிவு செய்த திர்மிதீ இமாம் அவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். அந்த மாவீரருக்கும் உறக்கம் வராத இரவுகள் இருந்தன என்று அதைச் சொல்லி மக்கள் ஆறுதல் அடைவதை நான் தடுப்பதில்லை. தொடரின் நிலையையும் சேர்த்தே சொல்வேன்.

உறக்கம் வராதவர் படுக்கையில் புரண்டு உறக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். இருபது நிமிடம் போல் கடந்தும் வராவிட்டால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் திக்ரு செய்தோ மெதுவாக ஓதியோ அமர்ந்திருந்து, கண் சுழலும்போது திரும்பப் படுக்கட்டும். எத்தனை மணிக்கு உறங்கினாலும் ஸுப்ஹுக்கு எழும் நேரத்தை மாற்ற வேண்டாம். ஸுப்ஹுக்குப் பின் மீண்டும் நெடுநேரம் உறங்கிப் பழகியவருக்கு இரவு கெடும். பகல் உறக்கமான கைலூலாவை இருபது, முப்பது நிமிடத்தில் முடித்துக்கொள்ளட்டும். கால் உளைச்சல் உள்ளவர் படுக்குமுன் கெண்டைக்காலை நீவிவிட்டு, வெந்நீரில் சற்று நேரம் காலை வைத்திருந்தால் சிலருக்குச் சுகமாக இருக்கும். சர்க்கரை நோயாளிகள் வெந்நீரின் சூட்டைக் கையால் பார்த்த பிறகே காலை வைக்க வேண்டும். அவர்கள் காலுக்குச் சூடு தெரியாமல் வெந்துபோனதுண்டு.

பயான் கேட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும்போதே கால் உளைந்து நெளிபவர்கள் இச்சபையில் இருக்கக்கூடும். அவர்கள் பின் வரிசையில் தூண் ஓரமாக அமர்ந்துகொள்ளட்டும். அடிக்கடி எழுந்து நிற்க வேண்டியிருந்தால் நிற்கட்டும். அருகில் இருப்பவர்கள் அவர்களை முறைத்துப் பார்க்க வேண்டாம்.

ஜும்ஆவுக்குப் பின் வழக்கம்போல் என் அறையில் இருப்பேன். ஓதிப் பார்க்க விரும்புபவர்கள் தாராளமாக வாருங்கள், ஓதுவேன். வரும்போது கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டையும் கொண்டுவாருங்கள். சீட்டு இல்லாதவர்களுக்கு ஓதிவிட்டு, அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் போகப்போகிறீர்கள் என்று கேட்பேன். அந்த நாளை என் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த வெள்ளியன்று விசாரிப்பேன்.